திகதி போடாத சீட்டு

துணுக்காயிலிருந்து ஆற்றோரத்து அந்தக் குவாட்டர்சுக்கு சைக்கிளில் ஒன்றரை மணித்தியாலம். 1998 தை மாதம், மழை விட்டு இரண்டு கிழமை. பின் கரியரில் துவாயால் சுற்றிக் கட்டிய நுணுக்குக்காட்டி, ஹாண்டிலில் ஒரு பேசின், தோளில் பழைய பேப்பர்க் கட்டு. காட்டுப் பாதையில் சேறு இன்னும் காயவில்லை. சில்லுக்கும் மட்காட்டுக்கும் இடையில் மண் அடைக்க அடைக்க இறங்கி, குச்சியால் கிண்டிக் கிண்டித்தான் போனேன்.

போன வருசம் இதே பாதையில் இரண்டு சைக்கிள் போனது. முன்னால் போனது அருந்ததி. எப்போதும் அவள்தான் முன்னால்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு அருந்ததி மேல் பொறாமை. அவள் உயிரோடு இருந்தபோதும் இருந்தது, செத்த பிறகும் இருந்தது, இதை எழுதுகிற இந்த நிமிசமும் இருக்கிறது. பொறாமை செத்தவர்களோடு முடிந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இரண்டு பேரும் யாழ்ப்பாணத்தில் ஒரே வகுப்பில் தாவரவியல் படித்தோம். இடம்பெயர்ந்து வன்னிக்கு வந்து, ஒரே பள்ளிக்கூடத்தில், மரத்துக்குக் கீழே பாடம் நடத்தினோம். அப்போதுதான் வவுனியாவில் இருந்த எங்கள் பேராசிரியர் சிற்றம்பலம் சேரிடமிருந்து கடிதம் வந்தது. உதவி விரிவுரையாளர் இடம் ஒன்று வரப்போகிறது. வன்னி ஆறுகளில் உள்ள சிவப்புப் பாசிகளை இதுவரை யாரும் ஒழுங்காக இனம்பிரிக்கவில்லை. உங்கள் இருவரில் யார் அதைச் சரியாகச் செய்கிறாரோ அவரைச் சிபாரிசு செய்வேன். அவ்வளவுதான் கடிதம். எனக்கு அது வேலை மட்டுமல்ல. இயக்கத்திடம் பாஸ் எடுத்து வன்னியை விட்டு வெளியே போகலாம். கறண்ட் உள்ள ஊர், மருந்து உள்ள ஊர், ஷெல் சத்தத்துக்கு எழும்பாத நித்திரை. ஒரே ஒரு இடம், நாங்கள் இரண்டு பேர்.

சிவப்புப் பாசி என்பது பேருக்குத்தான் சிவப்பு. ஆற்றில் உயிரோடு இருக்கும்போது பச்சையாக, நீலமாக, சில வேளை கறுப்பாகக்கூட இருக்கும். பார்க்கிறவர்கள் சும்மா பாசி என்று மிதித்துக்கொண்டு போவார்கள். பிடுங்கிக் காயவைத்தால்தான் உள்ளே ஒளிந்திருந்த நிறம் வெளியே வரும். "செத்தாத்தானடி சிவக்கும்" என்பாள் அருந்ததி.

பேசினில் தண்ணீர் விட்டுப் பாசியை மிதக்கவிட வேண்டும். கீழே தாளை நுழைத்து மெல்லத் தூக்கினால், நார் நாராக விரிந்து தாளில் படுத்துவிடும். பசை வேண்டாம், அதன் வழுவழுப்பே பிடித்துக்கொள்ளும். பிறகு மூலையில் ஒரு சீட்டு: இனம், இடம், திகதி, சேகரித்தவர், இனங்கண்டவர். எங்கள் தொழிலில் ஒரு முறை உண்டு. ஒருவர் ஒட்டிய சீட்டை இன்னொருவர் கிழிக்கக்கூடாது. அவர் சொன்னது பிழை என்று பட்டால் பக்கத்தில் உங்கள் சீட்டை ஒட்டலாம். அவருக்குப் பிறகு வருகிறவர் தன் சீட்டை ஒட்டுவார். செத்தவர்களும் இருப்பவர்களும் ஒரே தாளில் வாதாடிக்கொண்டு இருப்பார்கள்.

அருந்ததிக்கு இன்னொரு பிடிவாதம். சீட்டில் மற்றதெல்லாம் முன்கூட்டியே எழுதி வைப்பாள். திகதியை மட்டும் எழுத மாட்டாள். பாசி தண்ணீரை விட்டு வெளியே வருகிற நேரத்தில்தான் திகதி. நான் சோம்பலில் பத்துச் சீட்டுக்கும் ஒரேயடியாகத் திகதி போட்டு வைப்பேன். "எடுக்க முதல் என்னடி திகதி? அது பொய்யெல்லே" என்று சிரித்துக்கொண்டே, பல்லுத் தடம் பதிந்த கட்டைப் பென்சிலைக் காதில் செருகுவாள். அந்தச் சிரிப்பைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்த ஆற்றில் இரண்டு பாசி இருந்தது. ஒன்று, மணி கோத்த நூல் போல நீண்டு ஆடுவது. மற்றது, கல்லில் ஒட்டிய நீலப்பச்சைப் பொட்டு, மழித்த தலையில் மயிர் முளைக்கிற அளவுதான் உயரம். இரண்டும் வேறு வேறு என்றேன் நான். அப்படியென்றால் அந்தப் பொட்டு உலகத்துக்கே புது இனம், அதற்குப் பேர் வைப்பவள் நான். அருந்ததி பார்த்துவிட்டு ஒரே வரியில் எழுதினாள்: "தனி இனமல்ல. மணிநூலின் வளரும் பருவம்." ஒரே வரியில் என் வேலையைப் பறித்துவிட்டாள்.

அந்த வருசம், 1997 தையிலேயே, மலேரியாவில் செத்துப்போனாள். அவள் பாசி ஏற்றி வைத்த பதினொரு தாளும் என்னிடம் இருந்தன.

நான் பதினொரு சீட்டையும் கிழித்தேன். என் சீட்டை ஒட்டினேன். சேகரித்தவர், இனங்கண்டவர் இரண்டு இடத்திலும் க. விமலேஸ்வரி. அவளுடைய பென்சிலை ஆற்றில் எறிந்தேன். வவுனியாவுக்கு அனுப்பிய தாள்களைப் பார்த்த சேர், புது இனம் என்று சொல்வதானால் நீலப்பச்சைப் பொட்டை இன்னொரு தரம் எடுத்துப் பார்த்து வரைந்து அனுப்பச் சொன்னார். அதற்குத்தான் அன்று தனியாக வந்தேன்.

குவாட்டர்சின் சாவி மூக்கனிடம் இருந்தது. எழுபத்தேழில் மலையகத்திலிருந்து அடித்து விரட்டப்பட்டு வந்து, ஆற்றோரம் காடு வெட்டி வாழையும் கச்சான் கடலையும் வைத்திருந்த மனுசன். சாவியை நீட்டினார், ஆனால் விடவில்லை.

"தனியாவா வந்தீங்க டீச்சரம்மா?"

"ஓம் மூக்கண்ணை. ரெண்டு நாள் வேலை. பொழுதுபட உங்கட வீட்டை வந்திடுவன்."

"மீனம்மா சோறாக்கி வச்சிருப்பா." சாவி இன்னும் அவர் கையில்தான். "அன்னிக்குக் காலையிலேயே நான் வண்டியக் கட்டிட்டேன் டீச்சரம்மா."

நான் அதைக் கேட்கவேயில்லை.

"சாவியைத் தாங்கோ" என்றேன்.

நீர்ப்பாசனக்காரர் விட்டுப்போன வீடு. ஒரு அறை, ஒரு குசினி, பாதி ஓடு. ஒரு வருசமாகப் பூட்டிக் கிடந்ததில் வௌவால் புழுக்கையும் பழைய சுண்ணாம்பும் மணத்தது. ஆற்றுப் பக்க யன்னலோரம் மேசை, அதில் எங்கள் பேசின் வைத்த வட்டத் தடம் அப்படியே இருந்தது. இரண்டு கதிரை. ஒன்று மேசையோடு, மற்றது யன்னலுக்குப் பக்கத்தில். அதில்தான் அருந்ததி இருப்பாள். அதைத் தூக்கிக் கொண்டுபோய்க் குசினிக்குள் போட்டேன்.

ஆற்றில் முழங்கால் அளவு தண்ணீர். மருதமர நிழலில் கல்லெல்லாம் குளிர்ந்து கிடந்தது. கல் கல்லாகத் தடவிப் பார்த்தேன். நீலப்பச்சைப் பொட்டுகள் எக்கச்சக்கம். மணிநூல் ஒன்றுகூட இல்லை. எனக்கு வந்த சந்தோசத்தைச் சொல்ல முடியாது. ஒன்று மற்றதின் குஞ்சு என்றால் இரண்டும் சேர்ந்தல்லவா இருக்க வேண்டும்? பார்த்தாயா அருந்ததி, என்று சத்தமாகவே சொன்னேன்.

தண்ணீர் ஓடுகிற சத்தம் ஒரு கணம் நின்று, பிறகு தொடங்கியது.

பொட்டுகளைச் சுரண்டி எடுத்து வந்து ஒரு தாளில் ஏற்றினேன். முதல்நாளே திகதி போட்டு வைத்திருந்த சீட்டை மூலையில் ஒட்டினேன். மேலே வெள்ளைத் துணி, பேப்பர், இரண்டு செங்கல். ஒரு பொட்டை மட்டும் கல்லோடு பேசினில் விட்டேன். பிறகு நுணுக்குக்காட்டியை வைத்தேன்.

எங்களுடையது கண்ணாடி வைத்த பழைய சாதி. கறண்ட் வேண்டாம். அடியில் ஒரு சின்ன வட்டக் கண்ணாடி, அதை யன்னல் பக்கம் திருப்பினால் வானத்து வெளிச்சத்தைப் பிடித்து மேலே அனுப்பும். வெயில் நல்லாக இருக்கிற பத்து மணியிலிருந்து இரண்டு மணி வரைதான் வேலை. யன்னலில் யாராவது வந்து நின்றால் பார்க்கிற வட்டம் இருண்டுவிடும். அருந்ததியின் வழக்கமே அது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போது யன்னலில் வந்து சாய்ந்து, "நான் ஒருக்கா பாக்கட்டே?" என்பாள்.

கண்ணை வைத்தேன். நீலப்பச்சைக் கிளைகள், செல் செல்லாக, அழகாக. பென்சிலை எடுத்து வரையத் தொடங்கினேன்.

வட்டம் இருண்டது.

நிமிர்ந்தேன். யன்னலில் ஒருவரும் இல்லை. வானத்தில் முகில் இல்லை. மருத இலைகள் வெயிலில் பளபளத்தன.

குனிந்தேன். இன்னும் இருட்டு.

கண்ணாடியை விரலால் அசைத்தேன். வெளிச்சம் வந்தது. கூடவே ஒரு மணம் வந்தது. நெற்றித் தைலம். காய்ச்சல்காரருக்குப் பூசுகிற தைலத்தின் மணம், ஈரத் தலைமயிரின் மணத்தோடு கலந்து. அன்றைக்கு அவ்வளவு போதும் என்று சாமானைக் கட்டி வைத்துவிட்டு மூக்கன் வீட்டுக்குப் போனேன். அவருடைய பெண்சாதி மீனம்மா மரவள்ளிக் கிழங்கும் சம்பலும் தந்தா.

மறுநாள் பத்து மணிக்குக் கதவைத் திறந்தேன். குசினிக்குள் போட்ட கதிரை யன்னலோரம் இருந்தது.

வௌவாலா கதிரை தூக்கும்? மூக்கனின் வேலை என்று நினைத்தேன். அந்தாளுக்கு என்மேல் கோபம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஆனால் சாவி இரவு முழுக்க என் தலைமாட்டில் கிடந்தது.

செங்கல்லை எடுத்தேன். பேப்பரை எடுத்தேன். துணியை உரித்தேன். பொட்டுகள் காய்ந்து ஊதாச் சிவப்பாக மாறியிருந்தன. மூலையில் என் சீட்டு இருந்தது. அதற்குப் பக்கத்தில், விளிம்புக்கு விளிம்பு நேராக, இன்னொரு சீட்டு.

பென்சில் எழுத்து. அழுத்தி எழுதிய, ஒவ்வொரு சுழியும் முழுதாக வருகிற எழுத்து. என் எழுத்து ஒருநாளும் அப்படி வராது.

"தனி இனமல்ல. மணிநூலின் வளரும் பருவம். இனங்கண்டவர்: ச. அருந்ததி."

திகதி, அன்றைய திகதி.

தொட்டேன். ஈரம். பசையில்லாமல், வழுவழுப்பால் ஒட்டியிருந்தது.

எனக்குப் பயம் வந்தது. பயத்துக்கு முன்னால் வந்தது கோபம். செத்தும் இவள்தான் சரியா? என் சீட்டைக் கிழிக்காமல், முறைப்படி பக்கத்தில் ஒட்டியிருக்கிறாள். முறை தெரிந்தவளாம். நகத்தால் கிளப்பி அதை இழுத்துக் கிழித்தேன். பிசுபிசுவென்று நூலாக இழுபட்டு வந்தது. யன்னலால் வெளியே எறிந்துவிட்டு, பேசினில் விட்ட கல்லைப் பார்க்கத் திரும்பினேன்.

பொட்டு இருந்த இடத்திலிருந்து, விரல் நீளத்துக்கு, மணி கோத்த நூல் ஒன்று ஆடிக்கொண்டிருந்தது.

அது வளர மாதம் எடுக்கும். பேசின் தண்ணீர் ஓடாத தண்ணீர். ஆனால் நூல், ஆற்றில் நிற்பது போல ஒரே பக்கமாக இழுபட்டு ஆடியது.

அடியோடு ஒரு துண்டை வெட்டி வழுக்கிக் கண்ணாடியில் வைத்து, நுணுக்குக்காட்டியில் கண்ணை வைத்தேன். அடியைப் பார்க்க வேண்டும். அடி பொட்டிலிருந்து வருகிறதா, சும்மா வந்து ஒட்டியதா? அடி மங்கலாக இருந்தது. தெளிவு கூட்டுகிற சக்கரத்தைத் திருக்கினேன். இன்னும் மங்கல்.

வட்டம் இருண்டது.

நிமிரவில்லை. கண்ணை மட்டும் விலக்கி, அடியில் இருந்த கண்ணாடியைப் பார்த்தேன். ஒரு காசுக் குற்றி அளவுக் கண்ணாடி. அதற்குள் யன்னல் தெரிந்தது. யன்னலுக்குள் ஒரு நெற்றி. நெற்றியில் அப்பிய ஈர மயிர்.

"நான் ஒருக்கா பாக்கட்டே?"

காதுக்குப் பக்கத்தில். மெதுவாக. வழமை போல.

என் வாய் என்னைக் கேட்காமல் பதில் சொன்னது.

"பொறடி. வெளிச்சம் இருக்கு."

சொன்ன பிறகுதான் அது எந்தச் சொல் என்று எனக்கு விளங்கியது.

போன தையில், இதே அறையில், விடியக் காலையிலிருந்து அருந்ததிக்கு நடுங்கியது. கண் மஞ்சளாகக் கிடந்தது. மூக்கன் காலையிலேயே வண்டியைக் கட்டிக்கொண்டு வந்து நின்றார். "விமலேஸ், எனக்கு ஏலாமக் கிடக்கடி. ஆசுப்பத்திரிக்குப் போவமே?" என்று அந்தக் கதிரையில் சுருண்டு இருந்தபடி கேட்டாள். நான் நுணுக்குக்காட்டியில் இருந்தேன். அவள் சொன்னது பிழை என்று காட்ட எனக்கு ஒரே ஒரு நல்ல வெயில் வேண்டியிருந்தது. "பொறடி, வெளிச்சம் இருக்கு" என்றேன். பத்து மணிக்குச் சொன்னேன். பன்னிரண்டுக்குச் சொன்னேன். ஒன்றரைக்கு அவள் கேட்கவில்லை. வண்டி பாதி வழி போகும்போது அவளுடைய கை குளிர்ந்துவிட்டது.

இப்போது, சக்கரத்தில் இருந்த என் வலது கைக்கு மேல் ஒரு கை வந்து படிந்தது.

குளிர். வழுவழுப்பு.

அழுத்தவில்லை. இழுக்கவில்லை. என் ஆட்காட்டி விரலைப் பிடித்து, சக்கரத்தை ஒரு மயிரளவு திருக்கியது. பிறகு இன்னொரு மயிரளவு. பழகிய கை.

வட்டத்துக்குள் வெளிச்சம் வந்தது. கண்ணை வைக்காமல் இருக்க என்னால் முடியவில்லை. அவ்வளவு தெளிவாக அதற்கு முன்னும் பின்னும் நான் ஒன்றையும் கண்டதில்லை. நீலப்பச்சைப் பொட்டின் ஒரு கிளை நுனியில், முதல் மணி. அதற்கு மேல் இரண்டாவது. மூன்றாவது. பொட்டிலிருந்து நூல் பிறக்கிறது. இரண்டும் ஒன்று. அவள் சொன்னது சரி.

கை விலகியது. கதிரை கிறீச்சென்றது.

ஓடினேன். ஆனால் வெறுங்கையோடு ஓடவில்லை. பாசி ஏற்றிய தாளையும் வரைந்த தாளையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டுதான் ஓடினேன். நான் எப்படிப்பட்டவள் என்று உங்களுக்கு இதற்குள் விளங்கியிருக்கும். வாழைத் தோட்டத்தில் மூக்கன் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு என் பின்னால் யன்னலைப் பார்த்தார். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்தார்.

"அவங்களுக்கு ஒரு வார்த்த சொல்லிட்டுப் போங்களேன் டீச்சரம்மா" என்றார்.

சாவியை வரம்பில் போட்டுவிட்டு சைக்கிளில் ஏறினேன்.

அன்று பின்னேரம் துணுக்காயில் இருந்து நான் கண்டதை வரைந்தேன். முதல் மணி, இரண்டாவது மணி, மூன்றாவது. கீழே எழுதினேன்: "தனி இனமல்ல. மணிநூலின் வளரும் பருவம். இனங்கண்டவர்: க. விமலேஸ்வரி." புது இனத்துக்குப் பேர் வைக்கிற ஆசை போய்விட்டது. இடம் எனக்கு வேண்டும் என்ற ஆசை போகவில்லை. மூன்று மாதத்தில் பாஸ் கிடைத்து வவுனியாவுக்கு வந்தேன். சேர் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். கெட்டிக்காரி என்றார்.

"அருந்ததி இதைப்பற்றி ஏதும் எழுதி வைச்சவவோ?"

"இல்லை சேர்."

இடம் எனக்குக் கிடைத்தது.

இது 2001. தாள்கள் என் அறை அலுமாரிக்குள் இருக்கின்றன. சாவி என்னிடம் மட்டும். ஒவ்வொரு தையிலும் ஒவ்வொரு தாளிலும், என் சீட்டுக்குப் பக்கத்தில் ஒரு சீட்டுக் கூடுகிறது. பென்சில் எழுத்து, ஈரம். இப்போது நான் கிழிப்பதில்லை. ஒரு தாளில் மூன்று அருந்ததி, ஒரு விமலேஸ்வரி. பார்க்கிற மாணவர்கள் கேட்டால் பழைய சீட்டுகள் என்கிறேன். எழுத்து வடிவாக இருக்கு மிஸ் என்கிறார்கள். அதற்கும் எனக்கு எரிகிறது.

வலது கை ஆட்காட்டி விரலில், நகம் சதையோடு சேர்கிற இடத்தில், நீலப்பச்சையாக ஒரு பொட்டு உண்டு. குவாட்டர்சிலிருந்து வந்த கிழமையே கண்டேன். சுரண்டினால் போகும், மூன்றாம் நாள் வரும். டொக்டர் பூஞ்சணம் என்று களிம்பு தந்தார். நான் களிம்பு பூசாமல் ஒரு துண்டை நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்தேன். அது பூஞ்சணம் இல்லை. இனம்பிரிக்கத் தெரிந்தவளுக்கு அதைப் பார்க்க ஒரு நிமிசம் போதும்.

போன கிழமை அந்தப் பொட்டிலிருந்து முதல் மணி வந்தது. நேற்று மூன்றாவது.

இன்று காலை எழும்பும்போது புறங்கை ஈரமாக இருந்தது. ஒரு சீட்டு, பசையில்லாமல், தோலோடு ஒட்டியிருந்தது.

இனம்: மணிநூல்.

இடம்: க. விமலேஸ்வரி, வலது கை.

சேகரித்தவர்: ச. அருந்ததி.

இனங்கண்டவர்: ச. அருந்ததி.

நான்கு வரியும் நிரம்பியிருந்தன. திகதிக்கு விட்ட இடம் மட்டும் வெறுமை. தலையணைக்குப் பக்கத்தில், பல்லுத் தடம் பதிந்த கட்டைப் பென்சில் கிடந்தது. நான் ஆற்றில் எறிந்த பென்சில். யாரோ அதைப் புதிதாகக் கூர் சீவி வைத்திருந்தார்கள்.